பூர்வீக பூமியின் மீட்சி: தென்னாப்பிரிக்கா தரும் படிப்பினை

அந்நிய ஆட்சி நீங்கிய தேசங்களில், பழைய கொடியை இறக்கிப் புதிய கொடியை ஏற்றுவதும், அரசியல் சாசனம் இயற்றுவதும், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளிப்பதும் சில ஆண்டுகளுக்குள் நிறைவேறிவிடுகின்ற காரியங்களாயிருக்க, அவ்வாட்சிக் காலத்தில் குடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட பரம்பரை நிலத்தை அவர்களுக்கோ அவர்களுடைய சந்ததியாருக்கோ மீட்டுக் கொடுப்பதென்ற ஒரு காரியம் மட்டும் தலைமுறைகள் கடந்தும் முடிவு காணாமல் நிற்பதைக் காண்கிறோம். இதற்குக் காரணங்கள் பல. பறிபோன நிலம் சும்மா கிடப்பதில்லை. அதை ஒருவன் கிரயத்துக்கு வாங்கி உழுகிறான், இன்னொருவன் அடமானம் வைத்துக் கடன் பெறுகிறான், மற்றொருவன் அதன்மேல் வீடும் ஆலையும் எழுப்புகிறான். பறித்தவன் பக்கத்தில் பத்திரமும் சர்வே கல்லும் பதிவேடும் இருக்க, பறிகொடுத்தவன் பக்கத்திலோ மூதாதையரின் சமாதிகளும், மந்தைகள் சென்ற தடங்களும், முதியோரின் ஞாபகமும் தவிர வேறு சாட்சியம் பெரும்பாலும் இருப்பதில்லை.

நியூஜிலாந்து, ஆஸ்திரேலியா, கென்யா, ஜிம்பாப்வே முதலிய பல தேசங்களிலும் இப்பிரச்னை பலவித உருவில் எழுந்திருக்கிறதாயினும், அதை எல்லாப் பக்கங்களிலும் நின்று ஆராய விரும்புவோருக்குத் தென்னாப்பிரிக்காவின் அனுபவம் விசேஷமான பயன் தரக்கூடியது. நில மீட்பை அரசியல் சாசனத்திலேயே குடிமகனின் உரிமையாக எழுதி, அதற்கென ஒரு தனிச் சட்டத்தையும், விசாரணைக் கமிஷனையும், தனி நியாயஸ்தலத்தையும் அத்தேசம் நிறுவியது; முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த அனுபவத்தில் இப்பிரச்னையின் ஒவ்வொரு முடிச்சும் வெளிப்பட்டிருக்கிறது. அந்த அனுபவத்தை இக்கட்டுரையில் பரிசீலிக்கும்போது நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றுதான்: பறித்த நிலத்தைத் திருப்பித் தருவது ராஜாங்கம் பட்டிருக்கும் கடன், அக்கடனை ஒப்புக்கொள்வதில் தென்னாப்பிரிக்கா காட்டிய உன்னதமான மனத்தை அதைத் தீர்ப்பதில் காட்டத் தவறியது, அந்தத் தவறுதான் இன்று அங்கே நீதியின் பெயருக்கே களங்கமாக வளர்ந்து நிற்கிறது.

பறிப்பின் சரித்திரம்

1652ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் கப்பல்களுக்கு உணவும் குடிநீரும் சேகரிக்கும்பொருட்டு நன்னம்பிக்கை முனையில் ஒரு நிலையத்தை அமைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்நிலையம் கொய்கொய் மக்களின் மேய்ச்சல் நிலங்களை விழுங்கத் தொடங்கியது. கிழக்கே கோசா மக்களோடு நூறு ஆண்டுகள் நீடித்த எல்லை யுத்தங்களும், பின்னர் வந்த ஆங்கிலேயர் 1879இல் ஜுலு ராஜ்யத்தோடு நடத்திய யுத்தமும், வடக்கே டச்சு வழிவந்த போயர்களின் குடியேற்றமும் சேர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தேசத்தின் நிலத்தில் மிகப் பெரும்பகுதி வெள்ளையர் ஸ்வாதீனமாகிவிட்டது. ஆயினும், யுத்தத்தால் நேர்ந்த பறிப்பைச் சட்டத்தால் நிரந்தரமாக்கும் வேலை 1910இல் அமைந்த தென்னாப்பிரிக்க ஒன்றியத்துக்காகவே காத்திருந்தது.

1913ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி அமலுக்கு வந்த சுதேசிகள் நிலச் சட்டம், ஜனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினரான ஆப்பிரிக்கர்களுக்கெனத் தேசத்து நிலத்தில் சுமார் 7 சதவிகிதத்தை மட்டும் ஒதுக்கி, அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்குவதையும் குத்தகைக்குப் பிடிப்பதையும் தடை செய்தது. இச்சட்டத்தின் கொடுமையை அதிகமாக அனுபவித்தவர்கள் வாரச் சாகுபடி செய்து வந்த குடும்பத்தினர். சொந்த ஏரும் சொந்த மாடும் வைத்துக்கொண்டு, வெள்ளை மிராசுதாரின் நிலத்தில் பயிரிட்டு, விளைவில் பாதியை எடுத்துக்கொண்டு ஓரளவு சுயமரியாதையோடு வாழ்ந்த இவர்களை நோக்கி, ‘இனி நீயும் உன் மாடுகளும் எனக்கு ஊழியம் செய்வதானால் இரு, இல்லையேல் வெளியேறு’ என்று சொல்லும் அதிகாரத்தைச் சட்டம் மிராசுதாருக்கு வழங்கியது. மறுத்தவர்கள் குளிர்காலத்தில் பெண்டு பிள்ளைகளோடும் மந்தைகளோடும் சாலைகளில் அலைந்தார்கள். அவர்களுடைய அவதியை நேரில் சுற்றிப் பார்த்து உலகுக்கு எடுத்துரைத்தவர் ஸால் பிளாச்சி என்ற பத்திரிகாசிரியர். 1912இல் தோன்றி, பிற்காலத்தில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் என்று பெயர் பெற்ற ஸ்தாபனத்தின் முதற் காரியதரிசியான அவர், 1914இல் தூதுக்குழுவோடு லண்டன் சென்று முறையிட்டும் பயன் விளையாமற்போகவே, 1916இல் தம் மக்களின் வாழ்க்கையைப் பற்றிய நூலை வெளியிட்டு, அச்சட்டம் செய்த கேட்டுக்கு அழியாத சாட்சியத்தை விட்டுச் சென்றார்.

1936ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஒதுக்கீட்டைச் சுமார் 13 சதவிகிதமாக உயர்த்தியதேயன்றி, அடிப்படை அநீதியை அசைக்கவில்லை. 1948இல் நிறவெறிக் கொள்கையினர் பதவிக்கு வந்தபின் பறிப்பு புதிய வேகம் பெற்றது. 1950ஆம் ஆண்டின் இனவாரிப் பகுதிகள் சட்டத்தின்படி நகரங்கள் நிறம் பார்த்துக் கூறுபோடப்பட்டன. 1955இல் ஜோகானஸ்பர்கின் ஸோபியாடவுன் போலீஸ் காவலோடு காலி செய்யப்பட்டது. 1966இல் கேப்டவுனின் ஆறாம் வட்டம் வெள்ளையர் பகுதியெனப் பிரகடனம் செய்யப்பட்டு, 60,000 பேருக்கு மேல் அங்கிருந்து அகற்றப்பட்டனர். கிராமங்களில், 1913க்கு முன்னரோ, சட்டத்தின் சந்துபொந்துகள் வழியாகப் பின்னரோ, மாடுகளை விற்றுப் பணம் சேர்த்துக் கூட்டாகக் கிரயம் வாங்கியிருந்த ஆப்பிரிக்கர்களின் நிலங்களும், வெள்ளையர் பூமியின் நடுவே ‘கரும்புள்ளிகள்’ என்று முத்திரை குத்தப்பட்டு அழிக்கப்பட்டன. மொகோப்பா என்ற ஊரை 1984 பிப்ரவரியில் ஆயுதமேந்திய போலீசார் வளைத்துக்கொண்டு குடிகளை வண்டிகளில் ஏற்றியது இவ்வகையில் உலகறிந்த நிகழ்ச்சி. 1960 முதல் 1983 வரையிலான காலத்தில் மட்டும் இவ்வாறு இடம்பெயர்க்கப்பட்டவர்கள் சுமார் 35 லட்சம் என்று அக்காலத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது.

டர்பன் நகரத்துத் தமிழரும் இந்த வழக்கும்

தமிழ் வாசகர்கள் இதை யாரோ அயலாருடைய வழக்கென்று எண்ணிவிடக் கூடாது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து சென்று டர்பன் துறைமுகத்தை அடைந்த ‘ட்ரூரோ’ என்ற கப்பல், நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு சேர்த்தது; அதன்பின் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த அப்பயணங்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளமாகச் சென்றனர். ஒப்பந்தம் முடிந்தபின் தாயகம் திரும்பும் கப்பற் கட்டணத்துக்குப் பதிலாகச் சர்க்கார் நிலம் பெறலாமென்று ஆரம்பத்தில் அவர்களுக்கு ஆசை காட்டப்பட்டதுண்டு; மிகச் சிலரே பெற்ற அச்சலுகையும் பின்னர் நீக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் தளரவில்லை. டர்பனை அடுத்த கேட்டோ மேனர் முதலிய பள்ளத்தாக்குகளில் குத்தகைக்கும் கிரயத்துக்கும் நிலம் பிடித்து, காய்கறியும் வாழையும் பயிரிட்டு நகரத்துக்கு உணவளித்தார்கள். கோயில்களும் பள்ளிகளும் எழுப்பினார்கள்.

இவர்களுடைய நிலத்தின்மீதும் கை விழுந்தது. ஆசியர் வெள்ளையர் பகுதியில் சொத்து வாங்குவதைத் தடுத்த 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து டர்பனில் ஆயிரக்கணக்கானோர் சாத்விக எதிர்ப்பு நடத்திச் சிறை சென்றனர்; அதே ஆண்டில் இந்தியா அப்பிரச்னையை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றது. 1950க்குப் பின் கேட்டோ மேனரின் இந்தியர்கள் படிப்படியாகச் சாட்ஸ்வொர்த் என்ற புதிய குடியிருப்புக்கும், அதே நிலத்தில் வாடகைக்குக் குடிசை போட்டிருந்த ஆப்பிரிக்கர்கள் க்வாமாஷுவுக்கும் அகற்றப்பட, பல ஆண்டுகள் அப்பள்ளத்தாக்கு பெரும்பாலும் பாழாகவே கிடந்தது. ஒரே நிலத்தில் சொந்தக்காரனாக இந்தியனும் குடியிருப்பவனாக ஆப்பிரிக்கனும் நின்று, இருவருமே பறிகொடுத்த இந்த வரலாறு, மீட்பின்போது எழவிருந்த ஒரு பெருஞ் சிக்கலின் விதையைத் தன்னுள் கொண்டிருந்தது.

சட்டத்தின் அமைப்பு

1994ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்குப்பின் நெல்சன் மண்டேலாவின் தலைமையில் அமைந்த அரசாங்கம், அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே நில உரிமை மீட்புச் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய பார்லிமெண்டின் ஆதி காரியங்களுள் அது ஒன்றாக இருந்ததே அப்பிரச்னைக்கு அளிக்கப்பட்ட கௌரவத்தைக் காட்டும். 1996ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு, ஒருபக்கம் தற்போதைய சொத்துரிமைக்குப் பாதுகாப்பளித்து, மறுபக்கம், 1913 ஜூன் 19க்குப் பின் இனபேதச் சட்டங்களாலோ நடைமுறைகளாலோ நிலத்தை இழந்த தனிமனிதரும் சமூகத்தாரும் அந்நிலத்தையோ தகுந்த பரிகாரத்தையோ பெறும் உரிமையுடையவரென்று வகுத்தது. கோரிக்கையாளர் 1998 டிசம்பர் 31க்குள் விண்ணப்பிக்க வேண்டும். கமிஷன் விசாரித்துச் சமரசம் காண முயலும். இயலாவிடில் நிலக் கோரிக்கை நியாயஸ்தலம் தீர்ப்பளிக்கும். தற்போதைய உரிமையாளருக்குரிய நஷ்டஈட்டை ராஜாங்கம் செலுத்தும். வந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய 80,000. பழிவாங்கும் எண்ணமின்றி, ரத்தம் சிந்தாமல், நூற்றாண்டின் கொள்ளையைச் சட்டத்தின் வழியாகவே திருத்த முயன்ற இந்த அமைப்பைக் குறைகூறுவதற்கு முன் வணங்குவது நம் கடமை.

எனினும், எந்த நில மீட்புச் சட்டமும் விடை சொல்லியே தீரவேண்டிய கேள்விகள் நான்கு உண்டு: எந்த ஆண்டிலிருந்து கணக்குத் தொடங்குவது? திருப்பித் தருவது நிலத்தையா, பணத்தையா? பெற்றுக்கொள்பவர் யார்? என்ன செலவில், எவ்வளவு காலத்தில் முடிப்பது? ஒவ்வொன்றையும் முறையே நோக்குவோம்.

எல்லை ஆண்டு

1913 என்ற எல்லையை வகுத்தவர்கள் அதற்குச் சொன்ன நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அதற்கும் முற்பட்ட யுத்தங்களும் இடப்பெயர்ச்சிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதால், அவற்றைக் கிளறினால் ஆப்பிரிக்க இனத்தாருக்குள்ளேயே ஒருவர் கோரிக்கை மற்றவர் கோரிக்கையோடு மோதுமென்றும், எந்த நியாயஸ்தலத்தாலும் தீர்க்க முடியாத வழக்குகள் பெருகுமென்றும் அவர்கள் அஞ்சினார்கள். ஆனால் பெரும்பாலான நிலம் 1913க்கு முன்பே பறிபோய்விட்டதென்பதும், எல்லோரினும் முதலில் இழந்தவர்களான கொய்கொய், ஸான் மக்களின் கோரிக்கைகளில் பெரும்பகுதி அந்த ஒரு தேதியால் வாசலிலேயே நிறுத்தப்பட்டதென்பதும் மறுக்க முடியாத உண்மைகள். ஆஸ்திரேலியாவின் உயர்நீதிமன்றம் 1992இல் மாபோ வழக்கில், வெள்ளையர் வரும் முன்னர் அந்நிலம் ஆளற்ற நிலமாயிருந்ததென்ற பொய்யை நிராகரித்துப் பூர்வகுடிகளின் உரிமையை ஏற்றது. நியூஜிலாந்தில் 1975இல் அமைந்த வைத்தாங்கி விசாரணை மன்றத்தின் அதிகாரம் 1985இல் விரிவாக்கப்பட்டு, பூர்வகுடிகளோடு செய்துகொண்ட 1840ஆம் ஆண்டு உடன்படிக்கை வரையில் பின்சென்று விசாரிக்க வழி செய்யப்பட்டது. அவற்றோடு ஒப்பிடுகையில் தென்னாப்பிரிக்கச் சட்டம் பின்னோக்கிச் சென்ற தூரம் குறைவே.

அந்தக் குறுகிய எல்லைக்குள்ளும் எவ்வளவு நீதி காண முடியுமென்பதை ரிக்டர்ஸ்வெல்ட் வழக்கு நிரூபித்தது. ஆரஞ்சு நதி கடலோடு கலக்கும் வறண்ட பிரதேசத்தில் தலைமுறை தலைமுறையாக ஆடுமாடு மேய்த்து வந்த நாமா மக்களின் நிலம் 1847இல் பிரிட்டிஷ் ராஜ்யத்தோடு சேர்க்கப்பட்டது. 1920களில் அங்கே வைரம் கிடைத்தவுடன் அவர்கள் படிப்படியாக வெளியேற்றப்பட்டு, நிலம் ராஜாங்கச் சுரங்கக் கம்பெனியின் வசமாயிற்று. ராஜ்யத்தோடு சேர்க்கப்பட்ட அன்றே அவர்களுடைய உரிமை அழிந்துவிட்டதென்றும், ஆகவே 1913க்குப் பின் இழப்பதற்கு அவர்களிடம் எதுவுமில்லையென்றும் வாதிக்கப்பட, 2001இல் நிலக் கோரிக்கை நியாயஸ்தலம் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தது. மேல் முறையீட்டில் அது மாற்றப்பட்டபின், 2003 அக்டோபரில் அரசியல் சாசன நியாயஸ்தலம், ராஜ்யத்தோடு சேர்க்கப்பட்டதனால் மட்டும் பூர்வகுடிகளின் உரிமை அழிந்துவிடாதென்றும், அவர்களுடைய வழமைச் சட்டமே அவ்வுரிமையின் தன்மையை நிர்ணயிக்குமென்றும், நிலத்தடியிலுள்ள கனிமங்களும் அதில் அடங்குமென்றும் ஐயத்துக்கிடமின்றித் தீர்ப்புரைத்தது. எழுதாத சட்டத்துக்கு எழுதிய சட்டத்தின் சமானமான மதிப்பை அளித்த இத்தீர்ப்பு, குடியேற்ற நாடுகளின் நீதி சரித்திரத்தில் ஒரு சிகரம் என்று துணிந்து கூறலாம்.

நிலமா, பணமா?

நகரத்துக் கோரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை ரொக்கத் தொகையோடு முடிந்தன. இடிக்கப்பட்ட வீட்டின்மேல் இப்போது நெடுஞ்சாலையோ வேறொருவர் இல்லமோ நிற்க, நாற்பது ஆண்டுகளுக்குப்பின் முதுமையும் வறுமையும் வருத்தும் ஒருவர், என்று வருமோ தெரியாத நிலத்தைக் காட்டிலும் இன்றே கைக்கு வரும் பணத்தை விரும்புவது இயல்பு. அத்தெரிவை யாரும் குறைகூற முடியாது. ஆனால் தெரிவென்பது சுதந்திரமாக இருக்க வேண்டுமானால், நிலம் கேட்பவருக்கு நிலம் குறித்த காலத்தில் கிடைக்குமென்ற நம்பிக்கை இருந்தாக வேண்டும். ஆறாம் வட்டத்தில் அந்நம்பிக்கை பொய்த்தது. 2004இல் எண்பது வயதைக் கடந்த இரு முதியவர்களுக்கு மண்டேலாவே தம் கையால் வீட்டுச் சாவியைக் கொடுத்து மீட்சியைத் தொடங்கி வைத்தும், வேலை நத்தைபோல் நகர்ந்ததால், கோரிக்கையாளர் பலர் திரும்பிவரும் நாளைக் காணாமலே மறைந்தனர். இறுதியில் நியாயஸ்தலமே தலையிட்டு, திட்டமும் கால அளவும் நிதி விவரமும் சமர்ப்பிக்கும்படி அமைச்சரைக் கட்டாயப்படுத்த நேர்ந்தது.

கேட்டோ மேனரில் சிக்கல் வேறு வகையானது. வெறுமையாகக் கிடந்த அப்பள்ளத்தாக்கில் நிறவெறி ஆட்சி தளர்ந்த காலத்தில் வீடற்ற ஆப்பிரிக்கர் ஆயிரக்கணக்கில் குடியேறினர். நகர நிர்வாகமோ அங்கே ஏழைகளுக்கு வீடு கட்டும் பெருந்திட்டம் வகுத்து, பொதுநலனை முன்னிட்டு இந்நிலத்தைத் திருப்பித் தருவதினின்று விலக்களிக்கும்படி, நில உரிமை மீட்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்கீழ் நியாயஸ்தலத்தை நாடியது. பறிகொடுத்த இந்தியக் குடும்பங்கள் எதிர்த்தன. பரம்பரை உரிமை ஒருபுறம், தலைக்குமேல் கூரை வேண்டுமென்ற தேவை மறுபுறம். இரண்டுமே நிறவெறி விட்டுச்சென்ற புண்கள். இத்தகைய இடத்தில் ஒரு பக்கத்தை முற்றிலும் சரியென்று அறிவிப்பது எளிது, ஆனால் நியாயமன்று. பழைய சொந்தக்காரர்களுக்கு மாற்று நிலமோ போதிய பரிகாரமோ அளித்து, இன்றைய குடிகளை நிலைபெறச் செய்வதே நேர்மையான வழி. அந்தப் பரிகாரம் உண்மையிலேயே போதியதாக இருந்தாலன்றிப் பொதுநலன் என்ற சொல், 1950இல் சொல்லப்பட்ட பொதுநலனைப்போலவே, இழந்தவர் காதில் ஒலிக்கும்.

பெறுபவர் யார்?

தனிமனிதரின் வீட்டு மனையைத் தனிமனிதருக்கே தரலாம். ஒரு சமூகம் முழுவதும் கூட்டாக அனுபவித்து வந்த நிலத்தை யாரிடம் ஒப்படைப்பது? இதற்கெனவே 1996இல் சமூகச் சொத்துச் சங்கங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. குடிகள் அனைவரும், ஸ்திரீகளும் சமமாக, அங்கத்தினராயிருந்து, தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவின் மூலம் நிலத்தைப் பராமரிப்பது அதன் நோக்கம். ஆயினும், சங்கங்களைப் பதிவு செய்துவிட்டு அதிகாரிகள் அகன்றுவிட, கணக்கு வழக்குத் தெரிந்த சிலர் கையில் அதிகாரம் குவிவதும், உறுப்பினர் பட்டியல் பற்றியே வழக்குகள் எழுவதும் பல இடங்களில் நிகழ்ந்தன. மற்றொரு பக்கம், பரம்பரைத் தலைவர்கள் நிலம் தங்கள் பொறுப்பிலேயே வரவேண்டுமென்று கோரினர். 1994 தேர்தலுக்குச் சிறிது முன் அமைக்கப்பட்ட இங்கோன்யாமா டிரஸ்ட் சுமார் 28 லட்சம் ஹெக்டேர் நிலத்தை ஜுலு அரசரின் பேரில் வைத்திருந்து, அதில் பரம்பரையாக வாழ்ந்தோரையே குத்தகைதாரராக்கி வாடகை வாங்கியது சட்டவிரோதமென 2021இல் உயர் நியாயஸ்தலம் தீர்க்க நேர்ந்தது. வெள்ளை எஜமானிடமிருந்து மீண்ட நிலம் வேறொரு எஜமானிடம் சென்றடைவது மீட்சியாகாது என்பதே இவ்வழக்குகளின் சாரம்.

நல்ல உதாரணங்களும் இல்லாமலில்லை. லிம்போபோ நதிக்கும் லுவுவ்ஹு நதிக்கும் இடையேயுள்ள பாஃபுரி முக்கோணத்திலிருந்து 1969இல் க்ரூகர் தேசிய வனத்துக்காக விரட்டப்பட்ட மகுலேக்கே மக்கள், 1998இல் நிலத்தை மீண்டும் பெற்றபோது, அதைக் காடாகவே காப்பதென்று தாமே முடிவு செய்து, வன நிர்வாகத்தோடு கூட்டுப் பொறுப்பு ஏற்று, யாத்திரிகர் விடுதிகளின் வருமானத்தில் ஊர் நலப் பணிகளை நடத்தி வருகின்றனர். பூர்வகுடிகளுக்கு நிலம் தந்தால் காடு அழியுமென்ற பழைய பயமுறுத்தலுக்கு இது தக்க விடை. ஆனால் ரிக்டர்ஸ்வெல்டில், 2007 உடன்படிக்கையால் நிலத்தோடு வைரச் சுரங்கத்தில் 49 சதவிகிதப் பங்கும் பெற்ற சமூகம் உட்பூசலாலும் நிர்வாகச் சீர்கேட்டாலும் பல ஆண்டுகள் நலிந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், மீட்புக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒரு சமூகத்துக்குத் துணைநிற்கும் சட்ட உதவியும், கணக்குத் தணிக்கையும், பயிற்சியும் எவ்வளவு இன்றியமையாதவை என்பது விளங்கும்.

செலவும் காலமும்

எல்லாவற்றிலும் பெரிய குறை நான்காவது கேள்வியில்தான் நேர்ந்தது. விற்க விரும்புவோரிடம் சந்தை விலை கொடுத்து வாங்குவதென்ற கொள்கையை அரசாங்கம் நெடுங்காலம் பற்றி நின்றது. சாசனமோ சந்தை விலை ஒன்றையே அளவுகோலாக விதிக்கவில்லை. நிலத்தின் தற்போதைய உபயோகம், அது பெறப்பட்ட வரலாறு, ராஜாங்கம் அதில் முன்பு செய்த முதலீடு, மானியம் ஆகியவற்றையும் சீர்தூக்கி நியாயமான தொகையை நிர்ணயிக்கச் சொன்னது. அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தத் தயங்கியதன் பலனாக, மாலாமாலா வனவிலங்குப் பண்ணை என்ற ஒரே நிலத்துக்கு 2013இல் சுமார் 100 கோடி ராண்டு செலவிட நேர்ந்தது. மறுபக்கமோ, நிலச் சீர்திருத்தம் முழுவதற்கும் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்ட தொகை தேசிய பட்ஜெட்டில் ஒரு சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை. அள்ளிக் கொடுக்க வேண்டிய விலையும் கிள்ளிக் கொடுத்த நிதியும் சேர்ந்தால் காலதாமதத்தைத் தவிர வேறென்ன விளையும்?

2008க்குள் எல்லாக் கோரிக்கைகளும் தீருமென்று கூறப்பட்டது நிறைவேறவில்லை. முதற் கோரிக்கைகள் நிலுவையில் இருக்கும்போதே 2014இல் ஒரு திருத்தச் சட்டத்தால் வாசல் மீண்டும் திறக்கப்பட, 1,60,000க்கு மேற்பட்ட புதிய விண்ணப்பங்கள் குவிந்தன. 2016 ஜூலையில் அரசியல் சாசன நியாயஸ்தலம், மக்கள் கருத்தைப் போதிய அளவு கேளாமல் நிறைவேற்றப்பட்டதென்ற காரணத்தால் அச்சட்டத்தைச் செல்லாதெனத் தள்ளி, பழைய விண்ணப்பதாரருக்கு முன்னுரிமை காத்தது. முன்னாள் ஜனாதிபதி க்கலேமா மொட்லான்தே தலைமையில் ஆராய்ந்த உயர்மட்டக் குழு 2017இல் வெளியிட்ட கணிப்பு நெஞ்சைப் பிளப்பது: அப்போதிருந்த வேகத்தில் பழைய கோரிக்கைகள் தீர 35 ஆண்டுகளும், புதியவை தீர 143 ஆண்டுகளும் ஆகும். உழைப்பையே வாடகையாகச் செலுத்திப் பண்ணைகளில் வாழ்ந்த குடிகளின் விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் தீண்டப்படாமலே கிடந்ததைக் கண்ட அரசியல் சாசன நியாயஸ்தலம், 2019இல் நில இலாகாவின் செயலற்ற தன்மையைக் கடிந்து, அவ்வேலையை மேற்பார்வையிடத் தனி அதிகாரி ஒருவரை நியமிக்க உத்தரவிட்டது.

இத்தாமதத்தின் விளைவைச் சர்க்காரின் 2017ஆம் ஆண்டு நிலத் தணிக்கையில் காணலாம்: தனிமனிதர் பேரிலுள்ள விவசாய நிலத்தில் 72 சதவிகிதம் வெள்ளையரிடமும், 4 சதவிகிதம் மட்டுமே கறுப்பின ஆப்பிரிக்கரிடமும் இருந்தது. நிலம் கைமாறிய இடங்களிலும் இன்னல் தொடர்ந்ததுண்டு. பழத்தோட்டங்கள் நிறைந்த லெவுபு பள்ளத்தாக்கில், நடப்பு மூலதனமும் சந்தைத் தொடர்பும் இல்லாமல் நிலம் மட்டும் பெற்ற சமூகங்கள் தனியார் நிர்வாகக் கூட்டாளிகளை நம்ப, அந்த ஏற்பாடுகள் முறிந்தபோது கடனும் காய்ந்த மரங்களுமே மிஞ்சின. நஷ்டஈடின்றியும் நிலம் எடுக்க இடமளிக்கும்படி சாசனத்தின் 25ஆம் பிரிவைத் திருத்த முயன்ற மசோதாவுக்கு 2021 டிசம்பரில் 204 வாக்குகளே கிடைத்தன, தேவைப்பட்டவை 267. 2025 ஜனவரியில் கையெழுத்தான நில ஆர்ஜிதச் சட்டம், குறிப்பிட்ட சில நிலைமைகளில் நஷ்டஈடின்றியே நிலத்தை எடுக்க இடமளிக்கிறது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அதைப் பற்றி எழுந்த கூக்குரல் பெரிது. ஆனால் சந்தை விலையின் பிடியிலிருந்து விடுபடச் சாசனம் ஆரம்பத்திலேயே காட்டிய பாதையை முப்பது ஆண்டுகள் கழித்தேனும் நடந்து பார்க்கும் முயற்சியாகவே அதைக் கொள்ள வேண்டும்.

ஆட்சேபங்களும் சமாதானமும்

நில மீட்புக் கொள்கைக்கு எதிராகக் கூறப்படும் ஆட்சேபங்களை அலட்சியம் செய்யலாகாது. இன்றைய உரிமையாளர் பறித்தவரல்லர், விலைகொடுத்து வாங்கியவர் என்பது முதலாவது. உண்மையே, அதனால்தான் பாரத்தை ராஜாங்கம் ஏற்கிறது, ஆனால் அந்த விலையே இனபேதச் சட்டங்களாலும் வெள்ளைப் பண்ணைகளுக்குக் கிடைத்த மலிவான கடனாலும் உருவானதென்பதை நஷ்டஈடு நிர்ணயிக்கும்போது மறந்துவிட வேண்டிய அவசியமில்லை. பண்ணைகள் கைமாறினால் விளைச்சல் குன்றுமென்பது இரண்டாவது. குன்றிய இடங்களைப் பரிசீலித்தால், மூலதனமும் தண்ணீர் உரிமையும் ஆலோசனையும் தராமல் வெறும் மண்ணை மட்டும் தந்த இடங்களே அவை. நிறவெறி அரசு வெள்ளை விவசாயிக்குப் பல தலைமுறைகள் அளித்த ஆதரவில் ஒரு பகுதியைக் கறுப்பு விவசாயிக்கு ஒரு தலைமுறையேனும் அளித்துப் பார்த்தபின் இத்தீர்ப்பைச் சொல்வதே முறை.

மூன்றாவது ஆட்சேபம் ஆழமானது. சாட்சியம் காட்டக்கூடியவருக்கே மீட்பு கிடைக்க, எந்த நிலமும் தன்னதென்று நிரூபிக்க இயலாத பரம ஏழைகள் வெறுங்கையோடு நிற்பதால், பழைய உரிமையைத் தேடுவதைவிட இன்றைய தேவைக்கேற்ப நிலத்தைப் பங்கிடுவதே மேல் என்கின்றனர் சில அறிஞர். பங்கீடு அவசியமென்பதில் எனக்கும் ஐயமில்லை; சாசனமும் மீட்பு, பங்கீடு, குடியிருப்போர் உரிமைப் பாதுகாப்பு என்ற மூன்றையும் கடமைகளாக விதித்தது. ஆயினும், ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பிவிடாது. பங்கீடு எதிர்காலத்துக்கான சமத்துவத்தைத் தேடுகிறது. மீட்போ, குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மக்களுக்கு ராஜாங்கம் இழைத்த துரோகத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறது. தந்தையின் சமாதி இருக்கும் மண்ணைக் கேட்பவருக்கு வேறெங்கோ ஒரு மனையைக் காட்டி, ‘எல்லாம் நிலந்தானே’ என்று சொல்லும் சமத்துவம் மனிதத்தன்மையில் குறைபட்டதாகும்.

முடிவுரை

இவையனைத்தையும் தொகுத்து நோக்குமிடத்து, தென்னாப்பிரிக்காவின் நில மீட்பு கொள்கையளவில் தோற்றதாகக் கூறுவோரின் கூற்றை நான் ஏற்கவில்லை. மகுலேக்கேயின் காடும் ரிக்டர்ஸ்வெல்ட் தீர்ப்பும், பறிக்கப்பட்ட உரிமையைப் பல பத்தாண்டுகள் கழித்தும் மீட்கலாமென்பதற்குச் சான்று பகர்கின்றன. தோற்றது நிறைவேற்றம். எல்லை ஆண்டுக்கு முன் இழந்த பூர்வகுடிகளுக்குத் தனி வழி காண்பதும், சாசனம் கூறிய நியாய விலையைத் துணிந்து அமல்செய்வதும், நில இலாகாவுக்குப் போதிய நிதியும் திறமையான சிப்பந்திகளும் அளிப்பதும், நிலம் பெற்ற சமூகத்தோடு பத்தாண்டுகளேனும் உடனிருந்து உதவுவதும், ஸ்திரீகளின் பங்கைப் பட்டியலில் மட்டுமின்றி நிர்வாகத்திலும் உறுதி செய்வதும் இன்றே தொடங்கக்கூடிய காரியங்கள். இவற்றுள் ஒன்றுகூடப் புதிய தத்துவம் எதையும் கேட்கவில்லை. கோரிக்கையாளர்களோ ஆண்டுதோறும் மூப்படைந்து மறைந்துகொண்டிருக்கிறார்கள். இழந்தவர் கண்மூடிய பின்னர் அவருடைய பேரர்களுக்குத் தரும் நிலம் கடனின் ஒரு பகுதியைத் தீர்க்கலாம். அவருக்கே தந்திருக்க வேண்டிய பகுதி என்றைக்கும் தீராமற் போகும். ஆகவே, அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட எந்தத் தேசமும் நில மீட்புச் சட்டத்தை எழுதும் அதே நாளில் அதற்குரிய நிதியையும் அதிகாரிகளையும் கால எல்லையையும் சேர்த்தே எழுதியாக வேண்டும் என்பதே இந்த நெடிய அனுபவம் நமக்குப் புகட்டும் பாடம்.